காலி வட்டமும் ஏழாம் அத்தியாயமும்

புரூக்ளின்
ஜனவரி 4, 1991

அன்புள்ள கிளெண்டா,

வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன் ஐந்தாம் வகுப்பு நம்பாது. மழையில் தொப்பலாக நனைந்த பிறகும் மழை பெய்கிறதா என்று ஆள் அனுப்பி விசாரிக்கும் உங்கள் தலைமையாசிரியர் நிச்சயமாக நம்பமாட்டார். ஆனாலும் சொல்லியே தீருவேன்.

என் ‘கடலடி மேளம்’ நாவலைப் பாடமாக நடத்தப்போகிறாய் என்று உன் கடிதம் வந்ததும் ஃபிளாட்புஷ் வட்டாரத்தில் பனி முழுவதும் கரைந்துவிட்டது. தபால்காரர் மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாம் படித்த புத்தகங்களை நினைத்துப் பார். அவற்றில் ஒரு பிள்ளையாவது வெறுங்காலோடு நடந்ததா? பனிப்பொம்மை செய்தான், குதிரை ஏறி நரியைத் துரத்தினான். உச்சி வெயிலில், கடலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, பனிப்பொம்மைக்கு கேரட் மூக்கு வரைந்து நான் பிரம்படி வாங்கியிருக்கிறேன். கேரட்டை நான் பார்த்ததே இல்லை. கத்தரிக்காய் மாதிரி வரைந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில் எழுதிய நாவல் இது.

எழுதிய விதம் கேள். நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் கொதிகலன் அறையில் ஒரு பக்கம் மை உறைந்தது, இன்னொரு பக்கம் கொதித்தது. நடுவில் நான். நம் காரியாகூ தீவில் செத்துப்போன அத்தனை பேரும் கடலடி வழியாக நடந்து வந்து மாடிப்படியில் வரிசை கட்டி நின்றார்கள். ‘நான் முதலில் சொல்கிறேன்’ என்று தள்ளுமுள்ளு. ஆள் கூட்டம் அதிகம் என்று வீட்டுக்காரர் புகார் எழுதினார். ஏழாம் அத்தியாயத்தை என் கொள்ளுத்தாத்தாவே கொதிகலன்மேல் உட்கார்ந்து, ரம் குடித்துக்கொண்டே சொன்னார். மேளம் அடிக்கும்போது விடும் காலி வட்டத்துக்குள் ஒரு சிறுவன் குதித்து ஆடுகிறான், கண்ணுக்குத் தெரியாத கைகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூட ஆடுகின்றன என்று வருகிறதே, அந்தச் சிறுவன் அவர்தானாம்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் உரக்கப் படி. எழுதியவர் சத்தியம் செய்திருக்கிறார், ஒவ்வொரு வரியும் நிஜம் என்று சொல்.

அட்லாண்டிக்கின் இரு கரையிலும் புகழ் வழியும் உன் சித்தப்பா,
சிப்ரியன் பெடோ


காரியாகூ
பிப்ரவரி 12, 1991

சித்தப்பா,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. மறதியால் அல்ல.

உங்கள் நாவலை நான் எப்படி நடத்தினேன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடிமைக் கப்பல்கள் வரும் முதல் அத்தியாயத்தைப் படித்ததும், அப்பா வழியில் தங்கள் குடும்பம் ஆப்பிரிக்காவின் எந்தக் குலம் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். குரோமாந்தி, இக்போ, டெம்னே, காங்கோ என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயரோடு வந்தது. சுவரில் ஆப்பிரிக்க வரைபடம் ஒட்டி, அந்தந்தக் கரையில் தன் பெயரைக் குத்தி வைத்தது. படகு கட்டும் அத்தியாயத்துக்கு வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். முன்னோருக்குப் படையல் தட்டு வைக்கும் அத்தியாயத்துக்கு அம்மாக்கள் வந்து சோளமாவு கிண்டினார்கள். வரலாறு என்பது அடுப்படியில் கேட்டால் கிடைக்கும் சாமான் என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். நான் இவ்வளவு சந்தோஷமாக ஒருபோதும் பாடம் நடத்தியதில்லை.

சுதந்திர தினத்துக்குப் பள்ளி முற்றத்தில் முன்னோரை அழைக்கும் பெரிய மேளச் சடங்கு வைத்தோம். பாட்டுத் தலைவி மிஸ் யூடோராவே வந்தார். முதலில் மன்னிப்பு ஆட்டம். பிறகு ரம்மும் தண்ணீரும் தெளித்தார். பிறகு, உங்களுக்குத் தெரியும், மேளம் மட்டும் அடிக்க, வட்டத்தைக் காலியாக விட்டார்கள். செத்தவர்கள் முதலில் ஆட வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் ஓரத்தில் நிற்க வேண்டும். இந்தத் தீவில் குழந்தை நடக்கப் பழகும் முன்பே சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து இதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் நான் தனியாகச் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஷார்லீன் என்று ஒரு சிறுமி. வெள்ளைக் கவுன் போட்டு, உங்கள் சிறுவன் மாதிரியே தலையில் துணி கட்டி வந்திருந்தாள். ஓடி வந்து வட்டத்துக்கு நடுவில் குதித்து ஆட ஆரம்பித்தாள்.

மேளம் நின்றது. அத்தனை பேர் இருந்த முற்றத்தில் அந்தப் பிள்ளையின் செருப்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மிஸ் யூடோரா கத்தவில்லை. குனிந்து கேட்டார்: “இத யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“புத்தகத்துல இருக்கு மிஸ். எழுதினவரு சத்தியம் பண்ணியிருக்காரு.”

அந்த அத்தியாயத்தை அங்கேயே என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். “சிப்ரியனா? பெடோ வீட்டுச் சிப்ரியனா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பாட்டை முடிக்காமல் எழுந்து போய்விட்டார். அவர் முடிக்காமல் எழுந்துபோய் இந்த ஊர் பார்த்ததே இல்லை.

காலி வட்டம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே எழுதினீர்கள்?

கிளெண்டா


புரூக்ளின்
பிப்ரவரி 27, 1991

அடி கிளெண்டா,

உன் கடிதத்தைத் திறந்ததும் உறையிலிருந்து புகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டாள். நான்கு வீரர்கள் என்மேல் தண்ணீர் அடித்தார்கள். நான் அணையவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது, வாங்கிக்கொள்.

நாவலாசிரியன் பொய் சொல்லாமல் வேறு என்ன சொல்வான்? தபால் நேரமா? ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அந்தப் புத்தகம் முள் எடுத்த மீன் இல்லை, மீன் எடுத்த முள். பிள்ளைகள் அழும் இடமே அதுதான். இங்கே சனிக்கிழமைகளில் தேவாலயத்துக் கீழறையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுகிறேன். மேளத்தை ரேடியோவில்கூடக் கேட்டிராத பிள்ளைகள். காலி வட்டத்தை ஓரத்தில் நின்று பார் என்றால் எந்த ஓரத்தில் நிற்கும், சுரங்க ரயில் மேடையிலா? அவர்களுக்காக நான் வட்டத்தின் கதவைத் திறந்தேன். உள்ளே போகட்டும் என்று திறந்தேன். அதற்கு எனக்கு மாலை போட வேண்டும்.

இரண்டு பக்கம் நிறையத் திட்டி எழுதியிருக்கிறாய், ஒரு வரி விட்டுவிட்டாய். அந்தப் பிள்ளை நன்றாக ஆடினாளா? அத்தனை பேரில் ஒருவர் வாயிலாவது அது வந்ததா?

மிஸ் யூடோராவின் கோபம் எனக்குப் பழக்கம். நான் அரை நிஜார் போட்ட காலத்திலேயே, பாட்டுக்கு நடுவில் தும்மினேன் என்று ஒரு பார்வை பார்த்தார். இரண்டு வருஷம் எனக்குத் தும்மலே வரவில்லை. அவரைச் சமாதானப்படுத்த ஒரு பீப்பாய் அனுப்பியிருக்கிறேன். அரிசி, எண்ணெய், சோப்பு, அவருக்கு ஒரு கம்பளிச் சால்வை, உன் வகுப்பு முழுவதற்கும் பென்சில். கப்பலே அதன் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் கிளம்பியது.

அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட,
சிப்ரியன்


காரியாகூ
மார்ச் 20, 1991

சித்தப்பா,

உங்கள் பீப்பாய் ஹில்ஸ்பரோ துறையில் வெயிலில் நிற்கிறது. நான் கையெழுத்துப் போட்டு எடுக்கவில்லை. மிஸ் யூடோராவிடம் சொன்னேன். “அதுக்குள்ள சிப்ரியன் உக்காந்திருக்கானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அது வெறும் அரிசி” என்றார்.

ஷார்லீன் நன்றாக ஆடினாளா என்று கேட்டீர்கள். மிக நன்றாக ஆடினாள். இப்போது அவள் ஆடுவதில்லை. பள்ளிக்கும் வருவதில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ‘செத்தவங்க காலை மிதிச்சவ’ என்று ஒரு பையன் பெயர் வைத்தான். போன வாரம் மேளக்காரர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. அந்த ஏணி எவ்வளவு பழையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் அம்மாவைக் கடையில் பார்த்ததும் ஊரார் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஷார்லீன் இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே ஆலையில் வேலை போய், இங்கே அவர் அப்பா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் காலரைப் பிடித்து இழுக்க அங்கே வட்டம் ஏது? நம் ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் புத்தகத்தில் தெரிந்தது. மூன்று முறை படித்திருக்கிறாள். என் வகுப்பில் மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஏழாம் அத்தியாயத்தைப் படித்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உங்களை நம்பியது அவள் ஒருத்திதான். வட்டம் இல்லாத பிள்ளைக்காக எழுதினேன் என்கிறீர்களே, இதோ அந்தப் பிள்ளை. என்ன செய்துவிட்டீர்கள் பாருங்கள்.

வருஷப் பரீட்சை முடிந்ததும் அவளைத் திரும்ப ஹடர்ஸ்ஃபீல்டுக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள். அவள் அப்பா பெட்டியை மச்சிலிருந்து இறக்கிவிட்டார்.

மிஸ் யூடோராவிடம் போய்க் கெஞ்சினேன். அவர் பிள்ளைமேல் கோபமாகவே இல்லை. “கதவத் தொறந்தவன் வந்து சாத்தணும். அவன் தன் கையால தெளிக்கணும், தன் வாயால சொல்லணும். அதுக்கப்புறம் அந்தப் புள்ளய எவ பேசுறான்னு நான் பாக்கறேன்” என்றார். நீங்கள் வந்து மேளம் வைத்து, மன்னிப்பு ஆட்டம் ஆடி, அந்த அத்தியாயம் பொய் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் புத்தகங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கிளெண்டா


புரூக்ளின்
ஏப்ரல் 6, 1991

கிளெண்டா,

அவ்வளவுதான் என்கிறாய். உனக்கு எல்லாம் அவ்வளவுதான்.

ஏழாம் அத்தியாயம் பொய் என்று நான் நின்று சொன்னால், அடுத்த நாள் உன் தலைமையாசிரியர் கப்பலும் பொய் என்பார். குலப் பெயர்கள் பொய், கப்பலிலிருந்து கடலில் குதித்த பெண் பொய், எல்லாம் ஒரு கொதிகலன்காரன் உளறியது என்பார். மறுபடியும் பனிப்பொம்மையை எடுத்து மேஜையில் வைப்பார். ஒரு நூலை உருவினால் முழுச் சட்டையும் கழன்று நான் ஊர் நடுவில் நிற்பேன். அதைப் பார்க்கத்தான் மிஸ் யூடோரா கூப்பிடுகிறார்.

புத்தகத்தைத் திருத்து என்று அடுத்துச் சொல்வாய், எனக்குத் தெரியும். திருத்தி? சிறுவன் ஓரத்தில் நிற்கிறான், மேளம் அடிக்கிறது, வட்டத்தில் யாரும் இல்லை, முடிந்தது. ஒருவரும் ஆடாத ஆட்டத்தை எந்தப் பிள்ளை படிக்கும்? என் பத்து விரலும் கோபித்துக்கொண்டு கையை விட்டு நடந்து போய்விடும்.

அந்தப் பிள்ளைக்காக வருந்துகிறேன். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. ஆனால் வரமாட்டேன். இருபத்திரண்டு வருஷமாக வராதவன், பொய்யன் என்று பட்டம் வாங்கவா வர வேண்டும்?

சிப்ரியன்


காரியாகூ
ஏப்ரல் 24, 1991

சித்தப்பா,

உங்களோடு சண்டை போட எனக்கு இனி நேரமில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

புத்தகம் இல்லாமலே பாடத்தைத் தொடர்ந்தேன். காலி வட்டத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். கடலில் போன மாமா ஆடுவார், அவருக்கு ஒரு கால் நொண்டி என்றான் ஒருவன். எங்கள் வீட்டுப் பாப்பா, பிறந்து மூன்று நாளில் செத்தது, அதற்கு ஆடத் தெரியாது, யாராவது தூக்கிக்கொண்டு ஆடுவார்கள் என்றாள் ஒருத்தி. பேர் தெரியாத ஆட்கள், கப்பலில் வந்தவர்கள், நிறையப் பேர், அதனால்தான் இடம் விட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. யாரும் ஆடாத ஆட்டம் என்று எழுதினீர்கள். என் வகுப்பில் நிற்க இடமில்லை. உங்கள் கப்பல்கள் நிஜம் என்று காட்ட உங்கள் ஏழாம் அத்தியாயம் தேவையில்லை. இந்தப் பிள்ளைகள் போதும்.

அன்று சாயங்காலம் இதைச் சொல்ல ஷார்லீன் வீட்டுக்குப் போனேன். வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்று கேட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

“நான் ஆடினப்ப யாரும் என் கையப் புடிக்கல மிஸ். அந்தப் பையன மட்டும் புடிச்சாங்க. நான் இங்கிலாந்துல பொறந்தவங்கிறதால அவங்களுக்கு என்னப் புடிக்கலையா?”

ஊர் பேசியதற்காக அவள் வீட்டில் அடைந்து கிடக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்தேன். அதற்காக இல்லை சித்தப்பா. செத்தவர்கள் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். தானாகவே பெட்டியில் துணி அடுக்குகிறாள்.

சத்தியம் செய்தது நீங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கள். எனக்கு இல்லை, அவளுக்கு.

கிளெண்டா


புரூக்ளின்
ஜூன் 30, 1991

அன்புள்ள கிளெண்டா,

ஊரிலிருந்து நலமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என் வயதில் ஒருவனைக் கப்பல் துறையில் இறங்கியதும் நேராக மிஸ் யூடோரா வாசலுக்குக் கூட்டிப் போவாளா ஒருத்தி? உட்காரச் சொல்லாமல் மாட்டுக்கும் மாமரத்துக்கும் நடுவில் நிற்க வைத்தார். நான் நின்ற இடத்தில் இப்போது பள்ளம் விழுந்து குளமாகிவிட்டது, போய்ப் பார்.

மேளம் நடந்த கதையை இங்கே தேவாலயத்துக் கீழறையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே இருந்தவள்தான், அதற்காக மறுத்து எழுதிவிடாதே. நான் ரம்மைத் தெளித்ததும் கடல் பின்வாங்கி நின்று பார்த்தது. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், இரண்டு தீவும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து கட்டிக்கொண்டன. பத்தாயிரம் பேர். நான் மன்னிப்பு ஆட்டத்தில் மண்டியிட்டபோது முழங்கால் போட்ட சத்தத்தில் மூன்று மேளக்காரர்கள் தாளம் தப்பினார்கள். என் முழங்காலுக்குத் தனியாக ஒரு பாட்டுத் தலைவி வேண்டும் என்று மிஸ் யூடோரா சொன்னார். இதை அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆனால் அவர் பார்வை அப்படித்தான் இருந்தது.

பொய் என்று சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கப்பல் பொய்யா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். இரண்டு மாதம் ஒரு மனிதன் தூங்காமல் பயந்திருக்கிறான், மரியாதைக்காவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

அந்தப் பிள்ளையிடம் நான் குனிந்து என்ன சொன்னேன் என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் மழுப்பினேன். இப்போது எழுதுகிறேன். “அவங்க யார் கையையும் புடிக்க மாட்டாங்கம்மா. என் கொள்ளுத்தாத்தா கையையும் புடிக்கல. அது நானே எழுதினது. உன்ன வேண்டாம்னு யாரும் சொல்லல. நீ ஓரத்துல நிக்கறியான்னுதான் அவங்க பாப்பாங்க” என்றேன். “அப்ப ஏன் சத்தியம் பண்ணீங்க?” என்றாள். கொதிகலன், உறைந்த மை, மாடிப்படி வரிசை எல்லாம் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். “கத நல்லா இருக்கணும்னு” என்றேன். “அது கெட்ட காரணம்” என்றாள். ஹடர்ஸ்ஃபீல்டு உச்சரிப்பில் திட்டு வாங்குவது தனிக் குளிர்.

அவள் பெட்டியை மறுபடி மச்சில் ஏற்றிவிட்டார்கள் என்று நீ அனுப்பிய இரண்டு வரி கிடைத்தது. பீப்பாயைத் திறந்து பென்சிலைக் கொடுத்துவிடு. சால்வையை மிஸ் யூடோரா வாங்கமாட்டார். அந்த வெயிலில் கம்பளி அனுப்பியவன் யார் என்றுதான் கேட்பார்.

ஏழாம் அத்தியாயத்தை மாற்றி எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் எதுவுமே நடப்பதில்லை. சிறுவன் ஓரத்தில் நிற்கிறான். எழுதி முடிக்க ஒரு நூற்றாண்டு ஆனது. உன் வகுப்பு படித்துவிட்டுச் சொல்லட்டும். மோசம் என்றால் திட்டி எழுதட்டும், நானும் திட்டி எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் உள்ளதை எல்லாம் நீ நம்ப வேண்டாம். கடல் பின்வாங்கவில்லை. இருந்தது எண்பது பேர் இருக்கும், நாய்களையும் சேர்த்து. ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜமாகவே நடந்தது. நீ அப்போது படையல் தட்டுப் பக்கம் இருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். வட்டத்தைக் காலியாக விட்டு மேளம் தொடங்கியதும், இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேனா, எனக்கே தெரியாமல் என் கால் ஓர் அடி முன்னால் போய்விட்டது. யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன்.

“பின்னால வாங்க மிஸ்டர் பெடோ,” என்றாள் ஷார்லீன். “அவங்களுக்கு எடம் வேணும்.”

சிப்ரியன்